தளி மேட்டில் ஆப்பிள் வைக்கலாமா, மாவே போதுமா?

2025 கோடையில், கூழ் ஆலைகள் வாங்கும் பெங்களூரா ரக மாங்காயின் விலை விழுந்ததைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் யாரும் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. அந்த ஆற்றாமையோடுதான் என் மச்சான் ஒரு நாள் வந்து உட்கார்ந்தான். “மாமா, தளிக்கு மேல வாங்கின ரெண்டு ஏக்கர்ல மா வேண்டாம். ஆப்பிள் வெச்சுரலாம்” என்றான். கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினான். வெயில் கொளுத்தும் ஊரில் ஒரு மரம், கிளைக்குக் கிளை சிவப்புப் பழம்.

“வெயில் ஊர்லயே காய்க்குது. நம்ம ஊர்ல குளிர் வேற இருக்கு. மார்கழியில தளியில நிக்க முடியுதா சொல்லுங்க?”

நியாயமான கேள்வி. தளி ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அதை ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று அழைத்தார்கள் என்பதை இந்தப் பக்கம் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். விடியற்காலையில் டீக்கடைப் பாய்லரை விட்டு நகர மனம் வராது. ஆனால் நமக்குக் குளிர்வது வேறு, மரத்தின் மொட்டுக்குக் குளிர்வது வேறு. இந்த ஒன்று பிடிபட்டால் எந்த மரம் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். ஒரு குளிர்காலம் முழுக்க இதைத்தான் படித்தேன், பார்த்தேன், அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். மச்சானுக்காகத் தொடங்கியது. ஓசூர், கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

குளிர் நாட்டு மொட்டு என்ன செய்கிறது

காஷ்மீரிலோ ஹிமாசலத்திலோ ஆப்பிள் மரம் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும்போது, அடுத்த ஆண்டுப் பூ ஏற்கெனவே மொட்டுக்குள் இருக்கிறது. முந்தைய கோடையிலேயே உருவாகிவிட்ட பூ அது. அந்தப் பிஞ்சு உயிரைப் பனியிலிருந்து காப்பாற்ற மரம் செய்யும் முதல் வேலை, மொட்டிலிருந்து தண்ணீரைக் குறைப்பது. பூ விரிந்திருக்கும்போது அதன் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நடுக்குளிர்காலத்து மொட்டிலோ ஏறக்குறைய பாதிதான். தண்ணீர் குறையக் குறையச் சர்க்கரை கூடுகிறது, செல்லின் சவ்வு மாறுகிறது. மிச்சமிருக்கும் தண்ணீரும் புரதத்தோடும் சர்க்கரையோடும் ஒட்டிக்கொண்டு, எளிதில் உறையாத நிலைக்குப் போகிறது.

அமெரிக்காவில் மிக்லோஷ் ஃபாஸ்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1991இல் இதை நேரடியாகப் பார்த்தார்கள். மருத்துவமனையில் மூளையைப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. முறையில் ஆப்பிள் மொட்டைப் படம் எடுத்தார்கள். உறக்கத்தில் இருக்கும் மொட்டில் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது, போதுமான குளிர் கிடைத்த பிறகு அவிழ்ந்து நடமாடத் தொடங்குகிறது என்பது அவர்கள் கண்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட ரகங்களில் ஒன்று ‘அன்னா’. இன்று நம் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் விற்கும் அதே அன்னாதான்.

பீச், பிளம் வகை மொட்டுகள் இன்னொரு வித்தை செய்கின்றன. பூவின் கருவுக்கும் கிளைக்கும் இடையே நீர்க்குழாய் இணைப்பு குளிர்காலத்தில் முழுமையாக இருப்பதில்லை. மொட்டின் வெளிச்செதில்களில் பனிக்கட்டி உண்டாகும். அந்தக் கட்டி உள்ளே இருக்கும் கருவிலிருந்து தண்ணீரை மெல்ல இழுத்துக்கொள்ளும். கருவில் எஞ்சும் கொஞ்சத் தண்ணீர், பூஜ்யத்துக்கு வெகு கீழே போனாலும் உறையாமல் திரவமாகவே நிற்கும். நடுக்குளிரில் பீச் பூமொட்டு மைனஸ் 20 டிகிரி வரைகூடத் தாங்குவது இதனால்தான். அதே மொட்டு வசந்தத்தில் தண்ணீர் குடித்து உப்பி மலர்ந்துவிட்டால், மைனஸ் 2.8 டிகிரியில் பத்தில் ஒன்று கருகும், மைனஸ் 4.4இல் பத்தில் ஒன்பது போய்விடும். ஆப்பிள் பூவுக்கு அந்த எல்லைகள் மைனஸ் 2.2, மைனஸ் 3.9. மொட்டில் தண்ணீர் ஏற ஏறத் தாங்கும் சக்தி இறங்கும் என்பதுதான் மொத்தக் கதை.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாற்று விற்பவர்கள் பலர் “கடுங்குளிரையும் தாங்கும் ரகம்” என்று சொல்லி விற்கிறார்கள். எங்கள் நிலத்துக் கொட்டகையில் தொங்கவிட்ட வெப்பமானி, பனி மிகுந்த தை இரவிலும் 10 டிகிரிப் பக்கம்தான் நின்றது. ஊட்டியில் உறைபனி விழும், இங்கே விழாது. ஆகவே மொட்டு எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பது நமக்குத் தேவையே இல்லாத கேள்வி. தாங்கும் திறனுக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் வீண். நாம் கேட்க வேண்டியது, மொட்டு விழித்துக்கொள்ள எவ்வளவு குளிர் வேண்டும், அது நம்மிடம் இருக்கிறதா என்பதுதான்.

குளிர்க் கணக்கு

ஆப்பிள் மொட்டு ஒரு பூட்டு மாதிரி. சாவி குளிர். பழைய கணக்குப்படி, பூஜ்யத்துக்கும் 7.2 டிகிரிக்கும் இடையில் எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று எண்ணுவார்கள். காஷ்மீர் வகை ஆப்பிள்களுக்கு ஏறக்குறைய 1000 மணி நேரம் வேண்டும். அன்னாவுக்கு 200 முதல் 300 போதும். பஹாமாஸ் தீவில் கண்டெடுத்த டார்செட் கோல்டனுக்கு அதைவிடவும் குறைவாகப் போதும் என்பார்கள். அன்னா இஸ்ரேலில் உருவாக்கியது. இவை இரண்டும் குறைந்த குளிர் கேட்கும் ரகங்கள், அதில் பொய்யில்லை. ஆனால் தளியில் 7.2 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் போகிறது? பெரும்பாலான ஆண்டுகளில் ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் தாராளமான கணக்கும் உண்டு. 1974இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வகுத்தது. அதில் 9.2 முதல் 12.4 டிகிரி வரையுள்ள ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை மதிப்பெண் கிடைக்கும். அப்படியானால் நம் தை இரவில் நள்ளிரவு முதல் ஆறு மணி வரை மூன்று மதிப்பெண். சரி, நல்லது. ஆனால் 18 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு மதிப்பெண் கழித்துவிடுவார்கள். காலை பதினொரு மணி முதல் மாலை ஐந்து மணி வரை நம் வெயிலில் ஆறு போய்விடும். இரவில் சேர்த்ததைப் பகல் தின்றுவிட்டு, மேற்கொண்டு கடனும் வைக்கிறது. யூட்டா கணக்கு மிதமான குளிர்கால ஊர்களுக்குச் சரியாக வராது என்று இஸ்ரேலில் 1987இல் வேறொரு கணக்கு போட்டார்கள். அதில் ஓரளவு சேர்ந்த குளிர் பிறகு அழியாது. இருந்தாலும் பகல் 25 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில் அதுவும் பெரிதாகக் கைகொடுக்காது.

குளிர் போதாத மரம் செத்துவிடாது. அதுதான் ஏமாற்றத்துக்கு இடம் கொடுக்கிறது. கிளை நுனியில் ஒரு மொட்டு துளிர்க்கும், கீழே உள்ளவை தூங்கிக்கொண்டே இருக்கும். கிளை மொட்டைக் குச்சியாக நீளும். பூ மாசியில் நான்கு, பங்குனியில் ஆறு, சித்திரையில் மூன்று என்று சிதறி வரும். அன்னாவுக்கு மகரந்தம் தர டார்செட் கோல்டன் அதே வாரம் பூக்க வேண்டும். இரண்டும் ஆளுக்கொரு மாதத்தில் பூத்தால் காய் எங்கிருந்து வரும்?

மச்சான் காட்டிய காணொளியில் இருந்தது எச்.ஆர்.எம்.என்-99 ரகம். ஹிமாசலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கியது. அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கோடையில் 40 டிகிரியைத் தாங்கும் என்று இந்த ரகத்தைப் பற்றிச் சொல்கிறார்கள், தாங்கட்டும். ஆனால் அவருடைய மாவட்டத்தின் குளிர்கால இரவுகள் நம் இரவுகளைவிட வெகுவாகக் குளிர்ந்தவை. கோடையைத் தாங்குமா என்று கேட்டு நாற்று வாங்குவது, மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டுப் பெண் கொடுப்பது மாதிரி. மார்கழியைப் பற்றியல்லவா விசாரிக்க வேண்டும்?

அப்படியானால் பெங்களூரு பக்கம் ஆப்பிள் காய்த்ததாகச் சொல்வதெல்லாம்?

காய்க்கிறது. குளிரே இல்லாமல் காய்க்கவைக்கும் வழி ஒன்று உண்டு. இந்தோனேசியாவில், ஜாவா தீவின் கிழக்குப் பகுதியில் ‘பத்து’ (Batu) என்ற மலையூர் இருக்கிறது. ஏறக்குறைய நம் தளியின் உயரம்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், குளிர்காலமே கிடையாது. அங்கே பல பத்தாண்டுகளாக ரோம் பியூட்டி ஆப்பிளை வணிகமாகவே பயிரிடுகிறார்கள், அதுவும் ஆண்டுக்கு இரண்டு அறுவடை. அவர்கள் செய்யும் தந்திரம், மொட்டைத் தூங்கவே விடாதது. பழம் பறித்து ஏறக்குறைய ஒரு மாதத்தில், மரத்தின் எல்லா இலைகளையும் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகும் முன்பே எழுப்பிவிடுவதால் குளிர் என்ற சாவியே தேவைப்படுவதில்லை. கிளைகளைக் கிடைமட்டமாக வளைத்துக் கட்டுகிறார்கள், அப்போது நுனி மொட்டின் அதிகாரம் குறைந்து கீழ்மொட்டுகளும் விழிக்கும்.

இதை நானும் சின்ன அளவில் சோதித்தேன். கெலமங்கலத்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் நான்கு வயது அன்னா மரம் நிற்கிறது. ஒரு கிளையின் இலைகளை முழுக்க உருவினோம், பக்கத்துக் கிளையை அப்படியே விட்டோம். வாரம் ஒருமுறை இரண்டிலிருந்தும் மொட்டுகளைக் கிள்ளி, நகைக்கடைத் தராசு போன்ற சின்ன மின்தராசில் நிறுத்து, ஓவனில் 70 டிகிரிச் சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து மறுபடி நிறுத்தேன். பச்சை எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்துப் பச்சை எடையால் வகுத்தால் மொட்டின் நீரளவு கிடைக்கும். இலை உருவிய கிளையின் மொட்டுகள் மூன்றாவது வாரத்திலேயே தண்ணீர் ஏறி, கண்ணுக்கே உப்பித் தெரிந்தன. இலை விட்ட கிளையில் நகர்வே இல்லை. ஒரே மரம், ஒரே தைப்பனி. விழிக்கவைத்தது பனி அல்ல, கைதான்.

ஆக ஆப்பிள் முடியாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆள்பலம் வேண்டும். ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான மரங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இலையையும் உருவ, சரியான வாரத்தில் ஆட்கள் கிடைக்க வேண்டும். ஓசூர்த் தொழிற்பேட்டை இருக்கும் ஊரில் மாங்காய் பறிக்கவே ஆள் கிடைப்பதில்லை. இலை உருவும் வாரம் மழையில் மாட்டினால் அந்தப் பட்டமே போச்சு. காய்த்தாலும் அன்னாவின் சதை சீக்கிரம் மாவு போல ஆகிவிடும், நாள்கணக்கில் வைத்து விற்க முடியாது. சிம்லா ஆப்பிளின் மொறுமொறுப்பைப் பழகிய வாய்க்கு அது ஒரு குறைதான். திராட்சைத் தோட்டங்களில் மொட்டை உடைக்கத் தெளிக்கும் ஹைட்ரஜன் சயனமைடு இதற்கும் வேலை செய்யும் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேலை செய்யும். ஆனால் தெளிப்பவர் அந்த நாள்களில் கொஞ்சம் மது குடித்தாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். அதை எங்கள் நிலத்துக்குள் விட நான் சம்மதிக்க மாட்டேன்.

பீச்சும் பிளம்மும் கொடைக்கானல் உயரத்துக்கு உரியவை. 2000 மீட்டர் எங்கே, 1000 மீட்டர் எங்கே. வெண்ணெய்ப் பழம் தளி மேட்டுக்கு ஒத்துவரும், பூப்பதற்கு இந்தக் குளிர்ந்த இரவுகளே போதும். ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், எங்கள் நிலத்தின் கீழ்ப்பாதி களிமண். மேல்பாதியில் நாலைந்து வைக்கலாம், அவ்வளவுதான்.

மாவின் மொட்டு

இப்போது மாவுக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் மனசு.

மாமரத்துக்குக் குளிர்கால உறக்கமும் கிடையாது, மொட்டைப் பனியிலிருந்து காக்கும் ஏற்பாடும் கிடையாது. உறைபனி பட்டால் கொழுந்தும் பூவும் கருகும். ஆனால் உறையாத குளிர் அதற்கு ஒரு செய்தி. பகல் 18, இரவு 10 டிகிரி என்று வைத்து வளர்த்த மரங்கள் பூக்கின்றன. பகல் 30, இரவு 25 என்று வைத்தால் அதே மரங்கள் கொழுந்துதான் விடுகின்றன. ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. கிளை நுனியில் இருக்கும் ஒரே மொட்டு, குளிர் இரவைக் கண்டால் பூவாகவும் வெது இரவைக் கண்டால் இலையாகவும் மாறுகிறது. ஆப்பிள் 7 டிகிரி கேட்கிற இடத்தில் மா 15 டிகிரிப் பக்கமே திருப்தி அடைகிறது. நம் மார்கழிக்கும் தைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

தண்ணீரின் பங்கு இங்கேதான் வருகிறது. ஐப்பசியிலிருந்து மாவுக்குத் தண்ணீர் விடாதே என்று என் அப்பா சொல்வார், அவர் அப்பாவும் சொல்லியிருப்பார். வறட்சி பூவைக் கொண்டுவருகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வறட்சி செய்வது, புதுக்கொழுந்து வராமல் தடுப்பது. கொழுந்து வராததால் பழைய கிளைக்கு வயது கூடுகிறது. கடைசிக் கொழுந்து விட்டு நான்கைந்து மாதம் முதிர்ந்த கிளைதான் பூவுக்குத் தயாராகும். இலையைக் கையில் வைத்துக் கசக்கினால் அப்பளம் போல நொறுங்க வேண்டும், துவண்டால் இன்னும் முற்றவில்லை. நுனிமொட்டு கூராக இருந்தால் கொழுந்து, குடமாக உப்பியிருந்தால் பூ.

இதனால் நம் பக்கத்திலேயே இடத்துக்கு இடம் முடிவு மாறும். போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், தர்மபுரிச் சமவெளி ஏறக்குறைய 500 மீட்டர் உயரமும் அதற்குக் கீழும். அங்கே இரவுக் குளிர் அரைகுறை, அதனால் கிளை முதிர்வதுதான் முக்கியம், தண்ணீரை நிறுத்துவது கட்டாயம். தளியில் இரவு போதுமான அளவு குளிர்கிறது, தண்ணீர் கொஞ்சம் முன்பின் ஆனாலும் குளிரே பூவைக் கொண்டுவந்துவிடும். இது தளிக்கு ஒரு பெரிய காப்பீடு. ஏனென்றால் குழாயை நாம் மூடலாம், வானத்தை மூட முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். கார்த்திகையில் அப்படி நனைந்த நிலத்தில், இரவும் வெதுவெதுப்பாக இருந்தால், மொட்டு இலைப்பக்கம் சாய்ந்துவிடும்.

தளியின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்பார்கள். மொட்டைப் பூவாக்கிய அதே குளிர், பூ உருவாகும் நேரத்தில் 10 டிகிரிப் பக்கம் இறங்கினால் மகரந்தத்தைக் கெடுக்கிறது. ஆண்பூக்கள் கூடி இருபால் பூக்கள் குறைகின்றன. சில காய்கள் விதை கருகிச் சுண்டைக்காய் போல நின்றுவிடுகின்றன. பனியோடு சாம்பல் நோயும் வரும், தத்துப்பூச்சியும் வரும். கந்தகத் தெளிப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, மாவைப் பூக்கவைக்க ஊற்றும் பேக்லோபூட்ரசால் மருந்து? கல்தார் என்று கடையில் கேட்பார்களே, அதுதான். மரத்துக்குள் கொழுந்தைத் தூண்டும் ஜிப்பெரலின் என்ற வளர்ச்சி ஊக்கியை அது தடுக்கிறது. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, செப்டம்பர் முதல் பாதியில் மரத்துக்கு 10 கிராம் செயல்படும் மூலப்பொருள். சமவெளியில், ஓர் ஆண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும் மரங்களுக்கு இது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மண்ணில் நெடுநாள் தங்கும். அளவு கூடினால் பூங்கொத்து குறுகி முடிச்சாகிவிடும், மரம் குன்றிவிடும். தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பவர்கள், குத்தகைக்காரர் எவ்வளவு ஊற்றுகிறார் என்று பார்ப்பதில்லை. குளிர் இலவசமாகக் கிடைக்கும் தளியில் இதற்குக் காசு செலவழிப்பது தேவையில்லாத வேலை.

பிப்ரவரி வந்தும் பூக்காவிட்டால் லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்துத் தெளிக்கலாம். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டு அறிஞர் ரமோன் பார்பா. முதிர்ந்த கிளையில்தான் இது எடுபடும். அப்பளச் சோதனையில் இலை நொறுங்காவிட்டால் பணத்தைக் கரைத்துத் தெளித்த மாதிரிதான்.

எங்கள் முடிவு

மச்சானின் கோபம் பெங்களூரா விலையின் மேல், மாவின் மேல் அல்ல. கூழ் ஆலை வாங்கினால்தான் வாழ்வு என்ற நிலைதான் அவனைச் சுட்டது. அதற்கு மருந்து பயிரை மாற்றுவதைவிட ரகத்தை மாற்றுவது என்று அவனோடு நாலைந்து மாலை பேசினேன். சாப்பிடும் ரகங்கள், செந்தூரா, இமாம்பசந்த், அல்போன்சா, நேரடியாக ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகக்கூடியவை. தளியில் பூ கொஞ்சம் பிந்தி வருவதால் காயும் பிந்தும், சமவெளி வரத்து ஓயும் நேரத்தில் நம் பழம் சந்தைக்குப் போகும். அது ஒரு சாதகம்.

போச்சம்பள்ளியில் நிலம் இருந்திருந்தால் ஆப்பிளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச விட்டிருக்க மாட்டேன். தளி என்பதால் விட்டுக்கொடுத்தேன். ஒன்றே முக்கால் ஏக்கர் மா. மீதி கால் ஏக்கரில் மேட்டோரமாக இருபது ஆப்பிள், அதில் நான்கு டார்செட் கோல்டன், மற்றவை அன்னா. வீட்டு ஆட்களே இலை உருவி முடிக்கிற எண்ணிக்கை அது. இரண்டுக்கும் சொட்டுநீர்க் குழாய் தனித்தனியாகப் போட வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். மாவுக்கு ஐப்பசியில் வால்வை மூடினால், பிஞ்சு மிளகளவு பிடிக்கும்வரை திறக்கக் கூடாது. ஆப்பிளுக்கு இலை உருவிய அன்று மாலையே தண்ணீர் வேண்டும். ஒரே குழாயில் இரண்டையும் மாட்டினால் இரண்டு மொட்டையும் கெடுப்போம்.

“அப்போ வால்வு ரெண்டா மாமா?” என்றான். ரெண்டுதான். அவற்றை நேற்றுதான் பொருத்தினோம், மாவுக்குச் சிவப்புப் பெயின்ட், ஆப்பிளுக்குப் பச்சை.